ஏவன்டேலில் கழுவின வீடு

"ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் அந்த வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு மெசேஜும் ஆரம்பிக்கும். ஏவன்டேல் ரயில்வே கேட் ஞாபகம் இருக்கா? ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் முதல் தடவை பிஞ்சுக் கத்தரிக்காயைப் பார்த்துவிட்டுக் கத்தினோமே, ஞாபகம் இருக்கா? மூலையில் பாலும் ரொட்டியும் விற்ற டெய்ரிக்காரர் நம்மைக் கண்டாலே மிளகாய்ப்பொடி பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைப்பாரே, ஞாபகம் இருக்கா? அதற்குக் கீழே வரிசையாக இதயம், கைகூப்பு, கண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சி.

இருக்குதுப்பா, எல்லாம் இருக்கு. மறந்து தொலைந்தால் தேவலை.

குழுவுக்குப் பெயர் "நம்ம பழைய ஏவன்டேல்". இருபது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து, வாடகை கம்மி, பக்கத்திலேயே ரயில் என்பதற்காக ஏவன்டேலில் ஒண்டிக் குடித்தனம் இருந்த தமிழர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. இதில் ஒருத்தர்கூட இன்றைக்கு ஏவன்டேலில் இல்லை. அதைக் கவனிக்கணும். விசா வந்து, வேலை வந்து, வீடு வாங்க மார்ட்கேஜும் கிடைத்ததும் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடிவந்த இடத்தைப் பற்றித்தான் இத்தனை உருக்கம். அவ்வளவு சொர்க்கமாக இருந்தால் திரும்பிப் போய் இருங்களேன், யார் வேண்டாம் என்றது? மார்க்கெட்டுக்கு வந்தால்கூட கார் நிறுத்த இடமில்லை என்று புலம்பிவிட்டு அரை மணியில் கிளம்புகிற ஆட்கள்.

என்னைக் கேட்காமல் யாரோ குழுவில் சேர்த்துவிட்டார்கள். வெளியே வந்தால் வந்துவிட்டேன் என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அதனால் உள்ளேயே இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

ஒருத்தர் எழுதியிருந்தார்: "அப்பல்லாம் நாம வீட்டுக் கதவைப் பூட்டவே மாட்டோம். அவ்ளோ நம்பிக்கை." எங்கள் வீட்டுக் கதவையும் நாங்கள் பூட்டியதில்லை. மரம் ஈரத்தில் ஊதிப்போய்க் கதவு சாத்தவே சாத்தாது, அப்புறம் எங்கே பூட்டுவது! இன்னொருத்தர்: "எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தோம்." ஒரே டாய்லெட் இருந்தது ஐயா. அதற்காக வரிசையில் நிற்கிறவர்களுக்குக் குடும்பம் என்று பெயர் வைத்தால் ரயில்வே ஸ்டேஷனில் நிற்கிறவர்களும் குடும்பம்தான்.

நாங்கள் இருந்தது ரயில் பாதைக்குப் பின்னால், பள்ளமான ஒரு தெருவில், கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்திய பழைய மரவீடு. முன்பக்கத்து அறையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றரை வயது மகளும். பின்பக்கத்து இரண்டு அறைகளில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சமையலறையும் குளியலறையும் பொது. என் வீட்டுக்காரர் படித்தது கம்ப்யூட்டர். ஆனால் அப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ரெஸ்ட் ஹோமில் வாரக் கடைசி ஷிப்ட் போவேன்.

வீட்டின் சொந்தக்காரரும் நம்ம ஆள்தான். தமிழ்நாட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் பத்துப் பதினைந்து வருஷம் முன்னாலேயே வந்தவர். எல்லோரும் அவரை "சார்" என்றுதான் சொல்வோம். எல்லர்ஸ்லியில் ஒரு பெரிய ஆபீசில் மேனேஜர். குடியிருந்தது பிளாக்ஹவுஸ் பேயில், மேட்டுமேல், நாள் பூரா வெயில் விழுகிற வீட்டில். புதிதாக வருகிறவர்களை ஏர்போர்ட்டுக்கே போய் அழைத்துவந்து, இந்தப் பள்ளத்து வீட்டில் இறக்கிவிடுவார். ரெபரென்ஸ் கேட்க மாட்டார், கேள்வி கேட்க மாட்டார். "ரொம்ப ஈரமுள்ள மனுஷர்" என்று ஊரே சொல்லும்.

ஈரம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. சுவரில் இருந்தது, மெத்தைக்கு அடியில் இருந்தது, அலமாரியில் மடித்துவைத்த என் பட்டுப்புடவையில் இருந்தது. ஜன்னல் கண்ணாடி காலையில் அழுதுகொண்டிருக்கும். குளிர் ஆரம்பித்த மாதமே மூலையில் கறுப்பாகப் பூசணம் எட்டிப் பார்த்தது. துடைத்தால் போகும், நாலு நாளில் அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அதுபோக, மழை பெய்தால் தரைக்கு அடியிலிருந்து உர்ர் என்று ஒரு சத்தம். "பழைய பைப்புமா, அப்படித்தான் உறுமும்" என்றார் சார். பூசணத்தைக் காட்டினேன். "நீங்க சோறு வடிக்கிற ஆவி, உள்ள காயப்போடற துணி. ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார். சளிப் பிடித்த குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் குளிரில் ஜன்னலைத் திறக்க எனக்கு என்ன பைத்தியமா? ஆனாலும் திறந்தேன். பெரியவர் சொன்னால் கேட்கிற வளர்ப்பு.

அப்புறம் வந்தது ஆடி வெள்ளி.

இதைத் தமிழ்நாட்டில் வளர்ந்த பெண்ணுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆடி வெள்ளிக்கு வீட்டைக் கழுவி விடணும். துடைப்பது வேறு, கழுவுவது வேறு. வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்துத் தள்ளிக்கொண்டு போனால், மூலையில் இருக்கிற ஓட்டை வழியாக எல்லாம் வெளியே போய்விடும். திருச்சியில் என் அம்மா வீட்டில் சிமெண்டுத் தரை, நான் பத்து வயசிலிருந்து கழுவியிருக்கிறேன். இங்கே ஆடி என்றால் நடுக்குளிர்காலம். பூசண நாற்றம் வேறு குடலைப் பிடுங்கியது. அம்மன் வருகிற வீடு இப்படியா நாறும் என்று, அன்றைக்குக் காலையில் வாளியை நிரப்பிச் சமையலறையில் ஊற்றினேன். இன்னொரு வாளி நடையில். தேய்த்துத் தள்ளிக்கொண்டே போகிறேன், ஓட்டையைக் காணோம். குளியலறையில் இருக்கும் என்று அங்கே தள்ளினேன். அங்கேயும் இல்லை! குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி வைக்காமல் வீடு கட்டுகிற ஜாதியை நான் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீர் திரும்பி என்னிடமே வந்தது. பிறகு அறைக் கார்ப்பெட்டுக்குள் இறங்கியது.

அக்கா பின்பக்கத்திலிருந்து ஓடிவந்தார். "ஐயோ பிள்ளை, என்ன செய்யிறீர்? இது மரவீடெல்லோ!" என்று தலையில் கைவைத்தார். பிறகு தன் வீட்டுத் துவாய்கள், போர்வை, பிள்ளைகளின் பழைய சட்டை என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டு, இரண்டு பேருமாக மண்டியிட்டு ஒற்றி எடுத்தோம். நடுவில் எனக்கு அழுகை வந்தது, அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "அழாதையும் பிள்ளை. அம்மாளாச்சிக்கு உம்மட மனசு விளங்கும்" என்றார். கடைசியில் நானும் சிரித்தேன். பழைய ஏவன்டேலில் எனக்குப் பிடித்த ஞாபகம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் போகட்டும்.

மறுநாள் சார் வந்து பார்த்தார். கார்ப்பெட்டைக் காலால் அழுத்தினார், கொஞ்சம் தண்ணீர் ஊறி வந்தது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்தார். "ஏம்மா, வீட்டையே கழுவி விட்டுட்டீங்களா?" என்றார். அடுத்த வாரம் கோவிலில் ஒருத்தர் என்னைப் பார்த்து, "நீங்கதானே வீடு கழுவினது?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் அந்த வீட்டுக்குப் பெயரே கழுவின வீடு. சுவரில் பூசணமா? கழுவின வீடாச்சே. கதவு ஊதிப்போச்சா? கழுவின வீடாச்சே. நான் வாளியைத் தொடுவதற்கு முன்னால் ஊதின கதவு அது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மகளுக்கு இருமல் அந்தக் குளிரில்தான் முற்றியது. இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை, விலா எலும்பு உள்ளே போய்விட்டு வரும். மாத்திரை, மருந்து, மறுபடி இருமல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுபடி சேர்த்தார்கள். ஒரு நாள் மத்தியானம் ஒரு டாக்டரம்மா வந்து எங்களை உட்காரவைத்துப் பேசினார். வேகமான இங்கிலீஷ். அப்போது எனக்குப் பாதிதான் புரியும். என் வீட்டுக்காரர்தான் திருப்பிச் சொன்னார்.

"வீடு ஈரமான்னு கேக்கறாங்க" என்றார்.

"நான் தண்ணி ஊத்தினேனே. அதைச் சொல்லுங்க. மறைக்காதீங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பிச் சொன்னார். அந்த அம்மாள் என் கையைத் தட்டிக்கொடுத்தார். திட்டியிருந்தால்கூட அந்த அளவுக்கு வலித்திருக்காது.

மகள் பிழைத்தாள். நுரையீரலின் அடிப்பக்கம் தழும்பு விழுந்துவிட்டது, அது ஆறாது என்றார்கள். இன்றைக்கு அவளுக்கு இருபத்துமூன்று வயது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்வாள். மூச்சு வாங்குவதற்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாதாக்கும். ஒவ்வொரு குளிர்காலமும் அவள் இருமுகிற சத்தம் கேட்டால், வாளியும் கையுமாக நான் நிற்கிறது என் கண்ணுக்குத் தெரியும். என் கையால் என் பிள்ளையின் மூச்சைக் கெடுத்தேன் என்று நான் நம்பினேன். யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. சிரித்துச் சிரித்தே நம்பவைத்தார்கள்.

அவளுக்கும் அந்தக் கதை தெரியும். இங்கே வளர்ந்த பிள்ளை, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சிநேகிதிகளிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இதுதான் எங்கம்மா, வீட்டுக்குள்ள வெள்ளம் விட்டவங்க" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய? தாயைக் கேலி செய்கிற அளவுக்காவது மூச்சு இருக்கிறதே என்று.

இந்த வருஷம் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. சார் ஆஸ்திரேலியாவுக்கு மகன் வீட்டோடு போகிறாராம். அதற்கு முன்னால் பழைய ஏவன்டேல்காரர்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை மதியம் கூடி, ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து, பழைய நினைவுகளைப் பேசி, அவருக்குச் சால்வை போட்டு அனுப்பவேண்டுமாம். இடம் பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு கம்யூனிட்டி ஹால். எதற்கு ஏவன்டேலில் வைக்கவில்லை என்றால், ஹாலில்தான் பார்க்கிங் வசதியாம். கீழே எனக்குத் தனியாக ஒரு வரி: "திருச்சி அம்மா கண்டிப்பா வரணும், வீடு கழுவின கதையை மைக்ல அவங்க வாயாலயே கேக்கணும்." அதற்கு முப்பது பேர் சிரிப்பு மூஞ்சி போட்டிருந்தார்கள்.

"உனக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம். நான் மட்டும் தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் இப்போது எல்லர்ஸ்லியில்தான் வேலை பார்க்கிறார், நல்ல வேலை. அந்த ஆபீசில் முதன்முதலாக அவரை உள்ளே சேர்த்துவிட்டதே சார்தான். அந்த நன்றி அவருக்கு உண்டு.

"ஏன், நான் வந்தா என்ன? வரலன்னா பயந்துட்டேன்னு நெனைப்பாங்க" என்றேன். எலுமிச்சம்பழ சாதம் கிளறினேன். மகள் வண்டி ஓட்டினாள்.

ஹாலில் நல்ல கூட்டம். வாசலில் பேட்டரிக் கார்களாக நிற்கிறது, உள்ளே எல்லோரும் நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா என்று போட்டி. ஒரு மெத்தையில் நாலு பேர் படுத்தோம் என்றார் ஒருவர். மெத்தையே இல்லை என்றார் இன்னொருவர். ஒருத்தி, "அந்த சந்தோஷம் இந்தப் பெரிய வீட்டுல இல்லைங்க" என்று பெருமூச்சு விட்டாள். ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்து பாரேன், சந்தோஷம் தானாக வரும் என்று சொல்ல நாக்கு துடித்தது. அக்கா வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "உவையள் கதைக்கிறதைக் கேட்டால் நாங்கள் அரண்மனையில இருந்தது மாதிரியெல்லோ இருக்கு" என்று காதில் சொன்னார்.

சால்வை போட்டார்கள். ஈரமுள்ள மனுஷர், ஈரமுள்ள மனுஷர் என்று ஆளாளுக்கு மைக்கில் சொன்னார்கள். பிறகு சார் பேச எழுந்தார்.

வயதாகிவிட்டது, ஆனால் குரல் அப்படியே இருந்தது. "அந்த வீட்டை நான் எப்படி வாங்கினேன்னு உங்க யாருக்கும் சொன்னதில்ல, இன்னைக்குச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "யாருமே வாங்க மாட்டேன்னுட்டாங்க. ஏஜென்ட்டே சொல்லிட்டான், இது பள்ளம், மழைக்காலத்துல வீட்டுக்கு அடியில தண்ணி நிக்கும்னு. நான் குனிஞ்சு பாத்தேன். அடியில கெணறு மாதிரி நிக்குது! சரி, நமக்குத் தண்ணி புதுசா, காவேரிக்கரையில பொறந்தவன்டான்னு அடிச்சுப் பேசி வாங்கிட்டேன். ஒவ்வொரு மழைக்கும் பம்ப் வச்சு இறைப்பேன். அந்தப் பம்ப் போடற சத்தம் இருக்கே, அப்பப்பா!"

கூட்டம் சிரித்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் பக்கம் கையை நீட்டினார்.

"இதுல வேடிக்கை என்னன்னா, அடியில நான் இறைச்சுக்கிட்டு இருக்கேன், மேல நம்ம திருச்சி அம்மா ஊத்திக்கிட்டு இருக்காங்க!"

ஹால் அதிர்ந்தது. மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தர் இருமும் அளவுக்குச் சிரித்தார். நானும் பழக்கதோஷத்தில் சிரிக்க வாயைத் திறந்துவிட்டேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தார். அவர் சிரிக்கவில்லை.

"பிள்ளை, விளங்கிச்சே? நீர் ஊத்த முந்தியே அடியில தண்ணி நிண்டிருக்கு. தெரிஞ்சுகொண்டுதான் தந்தவர்."

எனக்கு விளங்கிக்கொண்டுதான் இருந்தது, மெதுவாக. உறுமின பைப். ஊதின கதவு. சோறு வடிக்கிற ஆவி என்றாரே! அரிசியைக் குறைத்து வடித்தேனே, பாவி, குழந்தைத் துணியை மழையில் வெளியே காயப்போட்டேனே.

"திருச்சி அம்மா, மைக்குக்கு வாங்க!" என்று கூப்பிட்டார்கள். போனேன். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"சார், நீங்க வீடு வாங்கும்போதே அடியில தண்ணி நின்னுச்சா?"

"ஆமாம்மா, அதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்." இன்னும் சிரிப்பு போகவில்லை அவருக்கு.

"எங்களை அங்க குடி வைக்கிறப்பவும் நின்னுச்சா?"

"மழைன்னா நிக்கும். ஆக்லாந்துல எப்ப மழை இல்ல?" கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப எம் பொண்ணோட நெஞ்சு கெட்டது நான் ஊத்தின ரெண்டு வாளித் தண்ணியால இல்ல. உங்க கெணத்தால. இத்தனை வருஷமா நான் என்னைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன் சார். நீங்களும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. நீங்க நல்லவரு, நான் மக்கு. நல்லா இருக்கு நியாயம்."

"என்னம்மா, நல்ல நாளும் அதுவுமா. அதெல்லாம் பழைய கதை."

"பழைய கதை பேசத்தானே சார் எல்லாரும் சாப்பாடு கட்டிக்கிட்டு வந்திருக்கோம்!"

யாரோ மைக்கை வாங்க வந்தார்கள். கொடுக்கவில்லை. அதற்குள் மகள் எழுந்து முன்னால் வந்துவிட்டாள். தமிழ் பேச வராதே தவிர, கேட்டால் எல்லாம் புரியும் அவளுக்கு. சாருக்கு நேரே நின்று, நிதானமாக, இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அந்த அறையில் ஒரு கைக்குழந்தை தூங்கப்போகிறது என்று தெரிந்துதான் கொடுத்தீர்களா?

அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கலையாம்மா?"

"சொல்லிக் குடுத்துதான் வளத்திருக்கேன். பதில் சொல்லுங்க சார்."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. சால்வையைத் தோளிலிருந்து இறக்கினார். "என்னை மட்டும் கேக்கறீங்களே, உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. அவருக்குத் தெரியாதா? நீங்க ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயித்துக்கிழமை, அவர்தானே என்னோட அடியில தவழ்ந்து வந்து பம்பைத் தூக்கி வச்சாரு? நீங்க தண்ணி ஊத்தறதுக்கு முந்தின மாசம். இடுப்பு நனைய நனைய வெளிய வந்தாரே!"

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். கிழவர் உளறுகிறார், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு வார்த்தை. ஹால் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. அவர் மடியில் இருந்த பேப்பர் தட்டைப் பார்த்தார்.

மைக்கைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். சாதம் கொண்டுவந்த பாத்திரத்தைக்கூட எடுக்கவில்லை. கார் நிறுத்துகிற இடத்துக்கு என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார், மகள் அவருக்குப் பின்னால். அந்த டாக்டரம்மா முன்னால் என்னை அவர் பார்த்த அந்த ஒரு நிமிஷம் எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. நான் இரக்கம் என்று நினைத்த நிமிஷம்.

"என் சி.வி.யை சார் அவர் ஆபீஸ்ல குடுக்கறேன்னு சொல்லியிருந்தார்" என்றார் என் வீட்டுக்காரர். "யார்கிட்டயும் சொல்லாதீங்க, கவுன்சில் வரைக்கும் போயிடும், வீட்டையே மூடச் சொல்லிடுவாங்கன்னார். வேலையும் இல்ல, வேற எடமும் இல்ல. அப்ப நமக்கு வேற வழி இல்லம்மா."

"வழி இல்லன்னு எனக்குத் தெரியாதா? நானும் அங்கதானே இருந்தேன். நான் வேற வீடா கேட்டேன்? சாரோட சண்டை போடச் சொன்னேனா?" குரல் உடைந்துவிட்டது. உடையட்டும் என்று விட்டேன். "ஆஸ்பத்திரியில இருந்து வந்து அழுதுட்டே கிடந்தேனே. 'உன் மேல தப்பில்லடி'ன்னு, கதவைச் சாத்திட்டு, என் காதுல ஒரு தடவை சொல்லியிருந்தா சாருக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

மகள் எனக்கு முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.